நேரலைக்குள் நுழைந்த நேயர்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 40,000. அங்கே பல வீடுகளுக்குக் கேபிளும் இணையமும் நகராட்சிக்கே சொந்தமான பர்லிங்டன் டெலிகாம் வழியாக வந்தன. 2008ஆம் ஆண்டில் அந்த நிறுவனம், தன் சேனல் பட்டியலிலிருந்து அல் ஜசீரா ஆங்கிலத்தை எடுத்துவிடப் போவதாகத் தெரிவித்தது. சேனலைப் பிடிக்காத சிலர் புகார் சொல்லியிருந்தார்கள். செய்தி பரவியதும் ஊரார் திரண்டுவிட்டார்கள். பொதுக்கூட்டம் நடத்த வேண்டியதாயிற்று. வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் ஒரே மண்டபத்தில் எழுந்து நின்று, எங்கோ கத்தாரின் தோஹாவிலிருந்து வரும் ஒரு செய்திச் சேனலுக்காக வாதாடினார்கள். கடைசியில் சேனல் தங்கியது.

அந்தக் காலகட்டத்தில் அந்தச் சேனலைக் கேபிளில் பார்க்கக்கூடிய அமெரிக்க ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பர்லிங்டன், ஓஹையோவில் டொலிடோ, தலைநகர் வாஷிங்டனின் சுற்றுப்புறம் என்று பட்டியல் அத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். 2006 நவம்பர் 15 அன்று தோஹா, கோலாலம்பூர், லண்டன், வாஷிங்டன் ஆகிய நான்கு ஊர்களில் ஒளிபரப்பு மையங்களோடு அல் ஜசீரா ஆங்கிலம் தொடங்கியபோது, அமெரிக்காவின் பெரிய கேபிள் நிறுவனங்கள் எதுவும் அதை ஏற்கவில்லை. அதன் தாய்ச் சேனலான அரபு அல் ஜசீரா, பின் லாடனின் ஒலி, ஒளி நாடாக்களை ஒளிபரப்பியிருந்தது. ஈராக் போரில் குண்டு விழுந்த வீடுகளைக் காட்டியிருந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் அதை வெளிப்படையாகவே சாடி வந்தார். அந்தப் பெயரைத் தன் பட்டியலில் சேர்த்து வம்பை விலைக்கு வாங்க எந்தக் கேபிள் முதலாளியும் தயாராக இல்லை.

உலகின் மிகப்பெரிய தொலைக்காட்சிச் சந்தை கதவைச் சாத்தியதால் அந்தச் சேனல் இணையத்தையே ராஜபாட்டையாகக் கொள்ள நேர்ந்தது. மற்ற உலகச் செய்தி நிறுவனங்கள் இணையத்தைக் கூடுதல் வசதியாக வைத்திருந்த காலம் அது. இணையத்தில் உலகச் செய்திகளை நேரலையாகப் பார்ப்பதும், பார்த்துக்கொண்டே பதில் பேசுவதும் வழக்கமானது எப்படி என்று கேட்டால், தொழில்நுட்பம் வளர்ந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதிக் கதைதான். கதவுகள் அடைபட்ட இடங்களிலெல்லாம் நேயர்களே தேடிக்கொண்டு வந்தார்கள் என்பதுதான் மீதிக் கதை.

நேயர் நேரலைக்குள் நுழைவது இணையத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. சி.என்.என்.னில் 1985 முதல் லேரி கிங் தொலைபேசி அழைப்புகளை எடுத்துப் பேசினார். அதே நிறுவனத்தின் பன்னாட்டுச் சேனலில் 1990களில் ரிஸ் கான் நடத்திய கேள்வி பதில் நிகழ்ச்சிக்குத் தொலைபேசி, தொலைநகல், மின்னஞ்சல் என்று எல்லா வழியிலும் உலகெங்கிலுமிருந்து கேள்விகள் வந்தன. ஆனாலும் அழைப்பு ஒன்றுக்கு அரசுகளையே நடுங்கவைக்கும் வலு கிடைத்தது அரபு உலகில்தான்.

அங்கே அதற்கு ஒரு பின்னணி உண்டு. 1994இல் பி.பி.சி., சவூதி முதலாளிகளின் ஆர்பிட் நிறுவனத்தோடு சேர்ந்து அரபு மொழித் தொலைக்காட்சி ஒன்றைத் தொடங்கியது. சவூதி அரசைப் பற்றிய செய்திகளில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1996 ஏப்ரலில் அது மூடப்பட்டது. வேலையிழந்த செய்தியாளர்களில் பலர், அதே ஆண்டு நவம்பர் 1 அன்று கத்தார் அமீர் ஹமாத் பின் கலீஃபா அல் தானியின் பணத்தில் தொடங்கிய அல் ஜசீராவில் போய்ச் சேர்ந்தார்கள். அதுவரை அரபு நாடுகளின் அரசுத் தொலைக்காட்சிகளில் செய்தி என்றால் தலைவர் யாரை வரவேற்றார், யாரை வழியனுப்பினார் என்பதுதான். புதிய சேனலில் ஃபைசல் அல் காசிம் நடத்திய 'எதிர்த்திசை' நிகழ்ச்சியில் இரண்டு பேர் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து சண்டையே போட்டார்கள். நேயர்கள் தொலைபேசியில் வந்து கருத்துச் சொன்னார்கள். நேரலை என்பதால் யாரும் வெட்டித் திருத்த முடியாது. தங்கள் நாட்டைப் பற்றி முகம் தெரியாத ஒருவர் பேசியதற்காகச் சில அரசுகள் தோஹாவிலிருந்து தூதரைத் திரும்ப அழைத்தன. எகிப்து அதிபர் ஹோஸ்னி முபாரக் ஒருமுறை அந்த நிலையத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சத்தமும் இந்தத் தீப்பெட்டியிலிருந்தா வருகிறது என்று வியந்ததாகச் சொல்வார்கள்.

ஆங்கிலச் சேனல் தொடங்கியபோது புகழ்பெற்ற பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்டோடு ரிஸ் கானும் அங்கே வந்தார். நேயரின் கேள்வியை விருந்தினரிடம் நேராக வைக்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்.

ஆனால் அன்றைய இணையத்தில் நேரலை பார்ப்பது எளிதான காரியம் அல்ல. இந்தியாவின் 2004ஆம் ஆண்டு அகன்ற அலைவரிசைக் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே அகன்ற அலைவரிசை என்று ஏற்றுக்கொண்டது. அந்த வேகத்தில் படம் தபால்தலை அளவில்தான் தெரியும். அதுவும் நொடிக்கொருமுறை நின்று சுழலும். ஒளிபரப்புபவருக்கு வேறொரு தொல்லை. வானொலிக்கும் செயற்கைக்கோளுக்கும் நேயர் எத்தனை பேரானாலும் செலவு ஒன்றுதான். இணையத்திலோ கூடுதலாக வரும் ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனியாக ஒரு பிரதி அனுப்பியாக வேண்டும். பெரிய செய்தி வெடித்து நேயர்கள் குவியும் நாளில்தான் சர்வர்கள் படுத்துக்கொள்ளும்.

இதற்கு ஒரு வழி கண்டது பிரிட்டனில் தோன்றிய லைவ்ஸ்டேஷன் என்ற இணையச் சேவை. மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் உருவான தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டு, ஒரு நேயரின் கணினி தனக்கு வந்த படத்துண்டுகளை அடுத்த நேயரின் கணினிக்குக் கடத்திவிடும்படி செய்தார்கள். பந்தியில் வாளியைக் கைமாற்றிப் பரிமாறுவதுபோல, ஆள் கூடக் கூடக் கைகளும் கூடின. அல் ஜசீரா, ஃபிரான்ஸ் 24, டாய்ச்ச வெல்ல, யூரோநியூஸ் எல்லாம் ஒரே மென்பொருளில் கிடைத்தன. படத்துக்குப் பக்கத்திலேயே அரட்டைப் பெட்டி ஒன்றும் இருந்தது. வெவ்வேறு கண்டங்களில் இருக்கும் முன்பின் அறியாத ஆட்கள், ஒரே செய்தியை ஒரே நொடியில் பார்த்துக்கொண்டே எழுதிப் பேசினார்கள். இன்று யூடியூப் நேரலையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எழுத்து வரிசைக்கு இது ஒரு முன்னோடி.

இந்திய நேயர்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 2005ஆம் ஆண்டின் வழிகாட்டு விதிகளின்படி வெளிநாட்டுச் சேனல் எதுவும் இந்தியாவில் தெரிய வேண்டுமானால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. அல் ஜசீரா ஆங்கிலத்துக்கு அந்த அனுமதி 2010 டிசம்பரில்தான் வந்தது. தொடங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு, வீட்டில் கேபிள் இணைப்பு வைத்திருந்தும் அந்தச் சேனலைப் பார்க்க விரும்பிய இந்தியருக்குக் கணினிதான் கதி.

இதற்கிடையில் நேயர் வெறுமனே கேள்வி கேட்பவராக மட்டும் இல்லாமல், படம் கொண்டுவருபவராகவும் ஆகிவிட்டிருந்தார். 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்தபோது, ஒரே நாளில் பி.பி.சி.க்குப் பொதுமக்களிடமிருந்து 1,000க்கும் மேற்பட்ட படங்களும் ஏறக்குறைய 20,000 மின்னஞ்சல்களும் வந்து குவிந்தன. பூமிக்கடியில் புகை மண்டிய ரயில் பெட்டியை எந்தச் செய்தியாளரும் படமெடுத்திருக்க முடியாது. உள்ளே சிக்கியவர்களின் கைப்பேசிகள்தான் எடுத்தன.

2008 டிசம்பர் 27 அன்று காஸாவில் தொடங்கிய போர் இந்த மாற்றத்தை இன்னொரு படி நகர்த்தியது. வெளிநாட்டுச் செய்தியாளர்களை இஸ்ரேல் உள்ளே விடவில்லை. அல் ஜசீரா ஆங்கிலத்தின் அய்மன் மொகைல்தினும் ஷெரீன் டாட்ரோஸும் போருக்கு முன்பிருந்தே உள்ளே இருந்தார்கள். மற்ற சேனல்களின் செய்தியாளர்கள் எல்லைக்கு வெளியே மேட்டில் நின்று தொலைவில் எழும் புகையைக் காட்டிக்கொண்டிருக்க, இவர்கள் மருத்துவமனை வாசலில் நின்று பேசினார்கள். அமெரிக்காவில் கேபிளில் அதைக் காண வழியில்லாதவர்கள் இணையத்துக்கு வந்தார்கள். 2009 ஜனவரியில் அந்த நிறுவனம் தன் காஸா படப்பதிவுகளை எவரும் எடுத்தாளலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிட்டது. போட்டிச் சேனலும் பயன்படுத்தலாம், வீட்டிலிருந்து படம் தொகுக்கும் மாணவரும் பயன்படுத்தலாம். கைவசம் இருந்த விலைமதிப்பற்ற சரக்கைச் செய்தி நிறுவனம் ஒன்று இப்படி வாரிக் கொடுத்ததை அதுவரை எவரும் பார்த்ததில்லை.

அடுத்து துனிசியா. 2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் என்ற ஊரில், தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் விற்ற முகமது பூஅசிசி அதிகாரிகளின் கொடுமை தாளாமல் தீக்குளித்தார். அன்றே ஊர் மக்கள் கூடி எதிர்ப்புத் தெரிவித்ததை அவருடைய உறவினர் ஒருவர் கைப்பேசியில் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். துனிசியாவில் அல் ஜசீரா அலுவலகம் நடத்தத் தடை இருந்தது. ஆனால் தோஹாவில் இருந்தவர்கள் அந்தப் பதிவைக் கண்டெடுத்து அன்று மாலையே ஒளிபரப்பினார்கள். துனிசிய வீடுகளின் மொட்டைமாடி டிஷ்கள் வழியாக அது திரும்ப ஊருக்குள் வந்து விழுந்தது. அதைப் பார்த்த அடுத்த ஊர்க்காரர் தன் ஊர்வலத்தைப் படமெடுத்து ஏற்றினார். இணையம் இல்லாத வீட்டுக்கு டிஷ் செய்தி சொன்னது. செய்தியாளர் நுழைய முடியாத தெருவுக்கு இணையம் கண்ணாக இருந்தது. இந்தச் சுற்று நான்கு வாரங்கள் ஓடியது. ஜனவரி 14 அன்று அதிபர் பென் அலி நாட்டைவிட்டு ஓடினார்.

தீப்பெட்டியைப் பார்த்து வியந்த முபாரக்கின் முறை அதன் பிறகு வந்தது.

2011 ஜனவரி 25 அன்று கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கம் நிரம்பத் தொடங்கியது. 28ஆம் தேதி பிறந்த சிறிது நேரத்தில் எகிப்து அரசு ஏறக்குறைய நாட்டின் மொத்த இணையத்தையும் துண்டித்தது. அதிகம் போனால் ஒரு இணையதளத்தை முடக்குவார்கள் என்றுதான் அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். எட்டுக் கோடிப் பேர் வாழும் ஒரு நாடு உலக இணைய வரைபடத்திலிருந்தே மறைந்தது கண்டு பொறியாளர்கள் திகைத்தார்கள். கைப்பேசிகளும் ஒரு நாள் ஊமையாயின. தரைவழித் தொலைபேசி மட்டும் மிஞ்சியது. ஃபிரான்ஸில் எஃப்.டி.என். என்ற சிறிய தன்னார்வ இணையச் சேவை, பழைய மோடம் வைத்திருக்கும் எகிப்தியர் யாரும் சுழற்றி இணையத்தில் சேரலாம் என்று பாரிஸ் எண் ஒன்றைக் கொடுத்தது. கூகுளும் ட்விட்டரும் சேர்ந்து இன்னொரு வழி செய்தன. ஒரு பன்னாட்டு எண்ணை அழைத்துப் பேசினால் போதும், அந்தக் குரல்பதிவு ட்விட்டரில் இணைப்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இணையம் துளியும் இல்லாமலேயே ஒரு குரல் இணையத்துக்குள் வந்துவிடும்.

ஜனவரி 30 அன்று எகிப்தின் தகவல் அமைச்சகம் அல் ஜசீராவின் கெய்ரோ அலுவலகத்தை மூடவும் செய்தியாளர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்யவும் உத்தரவிட்டது. நைல்சாட் செயற்கைக்கோளில் அதன் ஒளிபரப்பு அறுபட்டது. மற்ற அரபுச் சேனல்கள் சில தங்கள் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் அல் ஜசீராவை ஓடவிட்டன. கெய்ரோவில் இருந்த செய்தியாளர்கள் கைதானார்கள், கருவிகள் பறிபோயின. கொஞ்ச நாட்களுக்குப் பெயரே சொல்லாமல் 'எங்கள் செய்தியாளர்' என்று மட்டும் அறிமுகம் செய்து பேச வைத்தார்கள். கேமரா சதுக்கத்தை நோக்கித் திரும்பியே இருந்தது.

உலகம் அதை இணையத்தில் பார்த்தது. அந்த நாட்களில் தன் ஆங்கில இணையதளத்துக்கான வரத்து 2,500 விழுக்காடு உயர்ந்ததாகவும் அதில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து வந்ததாகவும் நிறுவனம் அறிவித்தது. கேபிள் நிறுவனங்கள் யாருக்கும் வேண்டாத சரக்கு என்று சொன்னதை அமெரிக்கர்கள் அலுவலகக் கணினியிலும் கைப்பேசியிலும் ராப்பகலாகப் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்காமல், எங்கள் ஊர்க் கேபிளில் இதைக் கொடுங்கள் என்று நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கில் மடல் எழுதினார்கள். மார்ச் 2 அன்று வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன், அமெரிக்க செனட் குழுவின் முன்னே, அல் ஜசீராவின் நேயர்கள் பெருகுவதற்குக் காரணம் அது உண்மையான செய்தியைத் தருவதுதான் என்று ஒப்புக்கொண்டார். ரம்ஸ்ஃபெல்ட் சாடிய அதே வாஷிங்டன்தான்.

தஹ்ரீர் சதுக்கத்தில் நடந்ததோ அதைவிடப் பெரிது. கூடியிருந்தவர்கள் துணித்திரை கட்டி அதன்மேல் அல் ஜசீராவையே விழவைத்தார்கள். தாங்கள் நிற்கும் சதுக்கத்தை, தாங்கள் போடும் கோஷத்தை, உலகம் எப்படிப் பார்க்கிறது என்று அவர்களே பார்த்தார்கள். பிப்ரவரி 10 இரவு, பதவி விலகப் போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்த முபாரக், விலக மாட்டேன் என்று தொலைக்காட்சியில் பேசினார். கூட்டம் செருப்பைக் கழற்றித் திரையை நோக்கி உயர்த்தியது. உலகெங்கும் பார்த்தவர்களுக்கு அதிபரின் முகமும் செருப்புகளும் ஒன்றாகவே தெரிந்தன. ஒரு ஆட்சியாளரின் உரைக்கு மக்களின் பதில் அதே கணத்தில் அதே திரையில் பதிவானது அபூர்வமான காட்சி. மறுநாள் அவர் விலகினார்.

இந்த வேகத்தோடுதான் 2011 மே மாதம் வாஷிங்டனிலிருந்து 'தி ஸ்ட்ரீம்' நிகழ்ச்சி தொலைக்காட்சிக்கு வந்தது. ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் எது பேச்சாக இருக்கிறதோ அதிலிருந்தே அன்றைய பொருளை எடுப்பார்கள். விருந்தினர்கள் தங்கள் வீட்டு மடிக்கணினியில் ஸ்கைப் வழியாக வருவார்கள். பின்னணியில் புத்தக அலமாரியும் சில சமயம் குழந்தையின் குரலும் இருக்கும். பிறகு நிகழ்ச்சி யூடியூபிலும் நேரலையானபோது தொகுப்பாளர் ஃபெமி ஓகே, ஓரத்தில் ஓடும் அரட்டையைக் கண்ணால் மேய்ந்தபடியே அதிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து, எழுதியவரின் பெயரைச் சொல்லி, எதிரே இருக்கும் நிபுணரிடம் அப்படியே வைப்பார். 

நேயர் பங்கேற்பு என்ற பெயரில் எல்லாச் சேனல்களும் செய்வதை இதோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. திரையின் அடியில் நான்கு ட்வீட்டுகளை ஓடவிடுவது அலங்காரம்தான். ஆம், இல்லை என்று இரண்டே பதிலோடு ஒரு வாக்கெடுப்பு வைப்பதும் அப்படித்தான். நேயரின் கேள்விக்கு விருந்தினர் பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலைமை வரும்போதுதான் அங்கே உண்மையான பரிமாற்றம் நடக்கிறது. அதற்குத் தொகுப்பாளருக்குத் துணிவு வேண்டும், நிறுவனத்துக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

அந்தத் துணிவு எங்கே நிற்கிறது என்பதையும் நேயர்களே கண்டுபிடித்தார்கள். அல் ஜசீரா கத்தார் அரசின் பணத்தில் நடப்பது. 2011இல் கத்தாரின் அண்டை நாடான பஹ்ரைனிலும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். சவூதிப் படை உள்ளே வந்தது. எகிப்துக்கு ராப்பகலாக நேரலை கொடுத்த அரபுச் சேனல் பஹ்ரைன் விஷயத்தில் அடக்கி வாசித்தது. ஏன் என்று நேயர்கள் விடாமல் கேட்டார்கள். கேட்டது நியாயம். ஆங்கிலச் சேனல் அந்த ஆண்டு ஆகஸ்டில் பஹ்ரைனைப் பற்றி ஒளிபரப்பிய ஆவணப்படம் விருதுகள் வாங்கியது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மொழிகளுக்கு இரண்டு அளவுகோல் இருந்ததை அது மறைக்கவில்லை.

பர்லிங்டன்காரர்கள் வாதாடி வாங்கிய உரிமை அமெரிக்காவில் போன வழி வருத்தம் தருவது. 2013 ஜனவரியில் அல் ஜசீரா, கரன்ட் டி.வி. என்ற அமெரிக்கச் சேனலை வாங்கி, ஆகஸ்ட் 20 அன்று அல் ஜசீரா அமெரிக்கா என்ற புதிய சேனலைத் தொடங்கியது. ஏழு ஆண்டுகள் தட்டிய கேபிள் கதவு திறந்தது. அதற்குக் கொடுத்த விலை இணையம். தாங்கள் பணம் கொடுத்துப் பெறும் செய்தியை இணையத்தில் இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்பது கேபிள் வணிகத்தின் வழக்கமான நிபந்தனை. ஆங்கிலச் சேனலின் நேரலை அமெரிக்காவுக்குள் தெரியாதபடி அடைக்கப்பட்டது. தஹ்ரீர் நாட்களில் அதைத் தேடி வந்து, அதற்காக மடல் எழுதிய அதே நேயர்கள்தான் வெளியே நின்றார்கள். விளம்பரமும் பார்வையாளரும் போதாமல் 2016 ஏப்ரல் 12 அன்று அல் ஜசீரா அமெரிக்கா மூடப்பட்ட பிறகுதான் அவர்களுக்கு இணைய நேரலை திரும்பக் கிடைத்தது. நேயரால் வளர்ந்த சேனல் நேயரைக் கேட்காமல் எடுத்த முடிவு அது.

ஆனாலும் நேயர்கள் அந்தச் சேனலைக் கைவிடவில்லை. 2013 டிசம்பர் 29 அன்று கெய்ரோவில் பீட்டர் கிரெஸ்டெ, முகமது ஃபாஹ்மி, பாஹர் முகமது என்ற மூன்று அல் ஜசீரா ஆங்கிலச் செய்தியாளர்கள் கைதானபோது, வாயில் கறுப்பு நாடா ஒட்டிய படங்களோடு உலகெங்கிலும் பலர் விடுதலை கோரினார்கள். அதில் போட்டிச் சேனல்களின் ஊழியர்களும் சேர்ந்துகொண்டார்கள். கிரெஸ்டெ 2015 பிப்ரவரி 1 அன்றும் மற்ற இருவரும் அதே ஆண்டு செப்டம்பரிலும் வெளியே வந்தார்கள்.

அதே 2015 ஏப்ரலில் இந்தியக் கேபிளில் ஐந்து நாட்களுக்கு அந்தச் சேனல் இருண்டது. காஷ்மீரைத் தவறாகக் காட்டும் வரைபடங்களை ஒளிபரப்பியதற்காக அமைச்சகம் விதித்த தடை அது. 22ஆம் தேதி முதல் 27 வரை, தடை உத்தரவைச் சொல்லும் அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. 2017 ஜூனில் கத்தாரை முற்றுகையிட்ட சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நாடுகள் வைத்த 13 கோரிக்கைகளில் அல் ஜசீராவை மூடுவதும் ஒன்று. நாடுகளுக்கிடையிலான பிணக்கில் ஒரு செய்திச் சேனலின் உயிர் நிபந்தனையானது.

2024 மே 5 அன்று இஸ்ரேலிய அமைச்சரவை, புதிதாக இயற்றிய சட்டத்தின் கீழ் அல் ஜசீராவைத் தன் நாட்டில் மூடியது. கேபிளோடு சேர்த்து இணையதளத்தையும் முடக்கச் சொன்னது. 2008இல் கேபிள் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும் என்று நினைத்தவர்கள் உண்டு. 2024இல் இணையத்தை விட்டுவைத்தால் தடைக்குப் பொருளில்லை என்பது எல்லா அரசுகளுக்கும் தெரிந்துவிட்டது. செப்டம்பர் 22 விடியற்காலையில் இஸ்ரேலியப் படையினர் மேற்குக் கரையின் ரமல்லா அலுவலகத்துக்குள் ஆயுதங்களோடு நுழைந்தார்கள். அலுவலகத் தலைவர் வாலித் அல் ஓமரியிடம் 45 நாள் மூடும் ஆணையைக் கொடுத்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்த ஆணையை வாங்கி நேரலையிலேயே படித்துக் காட்டினார். 2022இல் ஜெனினில் சுட்டுக் கொல்லப்பட்ட சக செய்தியாளர் ஷிரீன் அபு அக்லேயின் படத்தைப் படையினர் கிழித்து இறக்கியதும் பதிவானது. பிறகு இணைப்பு அறுந்தது.

ஆணை அதன் பின்னர் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் பாலஸ்தீன அதிகார சபையே தன் பங்குக்கு அந்தச் சேனலைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தது. மேற்குக் கரைச் செய்திகளை அதன் செய்தியாளர்கள் ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து சொல்லத் தொடங்கினார்கள்.